அதுவா வெடிச்சுது

டீ அரை டம்ளர் போதுங்க. முழு டம்ளர் குடுத்தீங்கன்னா பாதி உங்க மேஜை மேலதான் போகும். காகிதமெல்லாம் நனைஞ்சு போனா உங்களுக்குத்தான் வேலை. அரை டம்ளர்னா ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒப்பேத்திடுவேன். மெதுவா வரட்டும், எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.

அவசரம்னதும் ஞாபகம் வருது பாருங்க. அந்தப் பொண்ணுக்கு நான் வச்ச பேரே அதுதான். நீங்க ஃபைல்ல எழுதியிருக்கற முழுப் பேர் என் வாயில வராது. பயிற்சிக்கு வந்த முதல் நாள் அஞ்சு தோட்டா குடுத்தேன். அஞ்சையும் மூணு செகண்ட்ல தீர்த்துட்டு, பேப்பர்ல ஒரு ஓட்டை கூட இல்லாம என்னைத் திரும்பிப் பார்த்தா. ‘என்னம்மா அவசரம், பஸ்ஸைப் பிடிக்கணுமா’ன்னு கேட்டேன். ‘ஆமா மாஸ்டர், நாலு மணி பஸ்’னா. உண்மையிலயே பஸ் இருந்திருக்கு. அன்னையிலேர்ந்து அவ அவசரம்தான். கூப்பிட்டா சிரிச்சுக்கிட்டே வந்து நிப்பா.

நான் என்ன வேலை பார்த்தேன்னு உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் டைப் பண்றவருக்காகச் சொல்றேன். கிடங்கு, ஆஸ்பத்திரி, தொழிற்சாலைன்னு காவலுக்கு ஆள் அனுப்பற கம்பெனி எங்களுது. துப்பாக்கி வச்சிருக்கற காவல் வேலைக்குப் போகணும்னா முதல்ல என்கிட்ட வந்து பாஸாகணும். இருபத்திரெண்டு வருஷமா அந்த நீளமான ஹால்தான் எனக்கு உலகம். ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் நின்னு சுடற கோடு, ஏழு மீட்டர் தள்ளி மூணு மரச்சட்டம், சட்டத்துல அட்டை, அட்டை மேல ஆள் உருவம் போட்ட பேப்பர். இடது பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம், ஹால் நீளத்துக்கு ஒரு நடைபாதை. அதோட இந்த முனையில, சுடற கோட்டுக்குப் பின்னால, ஹாலைப் பார்க்கற கண்ணாடி வச்ச ஸ்டோர் ரூம், அந்த முனையில சட்டத்துக்குப் பின்னாடி திறக்கற கதவு. கதவு திறந்தா சட்டத்துக்கு மேல ஒரு சிவப்பு பல்பு எரியும். எரிஞ்சா யாரும் சுடக்கூடாது. அவ்வளவுதான் இடம்.

அவசரம் அப்ப ஒரு கிடங்கு வாசல்ல வெறுங்கையோட ராத்திரிக் காவல் நின்னுக்கிட்டிருந்தா. துப்பாக்கிக்காரங்களுக்குப் பகல் வேலை மட்டும்தான். அவளுக்கு எட்டு வயசுப் பொண்ணு இருக்கா, ஸ்கூல் விட்டு வந்தா கதவு திறக்க ஆள் வேணும், அதனால பகல் வேலை வேணும். புருஷன் எங்கேன்னு நான் கேக்கல. அவளுக்கு இந்தப் பரீட்சை எவ்வளவு முக்கியம்னு எனக்கு நல்லாத் தெரியும். அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் மீதியைக் கேளுங்க.

துப்பாக்கி சுடறதுல கண்ணு பெரிசு இல்லைங்க. விரல்தான். பழைய ஆளுங்க டிரிக்கரைக் குதிரைன்னு சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். குதிரையை வெடுக்குன்னு இழுத்தா மிரளும், குழல் ஒரு பக்கம் போகும், தோட்டா ஒரு பக்கம் போகும். விரல் நுனிச் சதையை வச்சு நேரா பின்னால அமுக்கணும். முதல்ல கொஞ்சம் தளர்வா வரும், அப்புறம் ஒரு இடத்துல முட்டும். அந்த முட்டற இடத்துலதான் எல்லாரும் கெடுக்கறது. இப்ப வெடிக்கப் போகுதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சதும் கை தானா ஒரு வெட்டு வெட்டும். நல்ல தோட்டாவுக்கு நடுவுல வெத்துத் தோட்டாவைக் கலந்து போட்டுக் குடுத்தேன். வெடிக்காதப்பவும் கை வெட்டறதை அவளே பார்த்தா. வெக்கப்பட்டா.

அப்பத்தான் சொன்னேன். ‘நீ சுடாதேம்மா. நீ அமுக்கிக்கிட்டே இரு. எப்ப வெடிக்கும்னு உனக்கே தெரியக்கூடாது. அதுவா வெடிக்கட்டும்.’ இந்த வாக்கியத்தை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். முழுசா நம்பினது அவ ஒருத்திதான்.

வீட்டுக்கு ஒரு டம்மி துப்பாக்கி குடுத்து அனுப்பினேன். குழல் மேல ஒரு சட்டைப் பட்டனை வைக்கணும், அது விழாம விரலை அமுக்கணும். பொண்ணோட யூனிஃபார்ம் பட்டனைப் பிச்சு வச்சுக்கிட்டா. தினம் இருநூறு தடவை, பொண்ணு பக்கத்துல உக்காந்து எண்ணுவாளாம். ஒரு மாசத்துல பட்டன் அசையல. அப்புறம் வேகம். வேகத்துக்கு என்கிட்ட ஒரு மஞ்சள் டைமர் இருக்கு, உள்ளங்கைக்குள்ள அடங்கும். நான் பட்டனை அமுக்கினா பீப்னு கத்தும். காதுல அடைப்பு மாட்டியிருந்தாலும் துளைச்சுக்கிட்டு கேக்கும். பீப்புக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு அதுவே காட்டும். துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், பீப் வந்ததும் தூக்கி ஒரு தோட்டா. பரீட்சைக்கு ஒன்றரை செகண்ட். அவ ரெண்டரையில ஆரம்பிச்சா.

குழல் நுனியில நிக்கற முன்குறியை மட்டும் பாரு, மத்ததெல்லாம் மங்கலா இருக்கட்டும்னு சொன்னேன். காது கேட்டதும் விரல் போகணும், நடுவுல நீ வராதேன்னு சொன்னேன். இது நான் கண்டுபிடிச்சது இல்ல, எந்த மாஸ்டரும் சொல்றதுதான். வீட்டுல அந்தக் குட்டிப் பொண்ணு வாயாலயே பீப் போடுமாம். சமையல் பண்ணிக்கிட்டிருக்கும்போது பின்னாலேர்ந்து பீப்னு கத்தினா கரண்டி தானா மேல வருதுன்னு அவ சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். மனசுக்கு அவ்வளவு திருப்தியா இருந்துச்சு.

சகலையைப் பத்திச் சொல்லணும். செத்துப் போனவரு எனக்கு யாருன்னு உங்க ஃபைல்ல ‘சக ஊழியர்’னு மட்டும் இருக்கு. என் பெண்டாட்டியோட தங்கச்சி புருஷன் அவரு. அந்த வேலையில அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். பதினாலு வருஷமா ஸ்டோர் ரூம்ல உக்காந்து துப்பாக்கி, தோட்டா, பேப்பர், எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டாரு. நல்ல மனுஷன். கொஞ்சம் ஒழுங்குப் பைத்தியம். வீட்டுக்கு வந்தா காலண்டர் கோணலா தொங்கினாக்கூட எழுந்து போய் நேராக்கிட்டுத்தான் உக்காருவாரு. என் பெண்டாட்டி அவரைக் கேலி பண்ணியே ஓஞ்சு போனா.

ரெண்டு வருஷம் முன்னாடி என் வலது கை ஆட ஆரம்பிச்சுச்சு. ஆள்காட்டி விரல்தான் முதல்ல. யாருக்கும் தெரியாமப் பார்த்துக்கிட்டேன். செஞ்சு காட்டறதை நிறுத்திட்டு வாயால சொல்லிக்குடுத்தேன். பாக்கெட்டுக்குள்ள கையை வச்சுக்கிட்டு நின்னா மாஸ்டர் கம்பீரமா நிக்கறாருன்னு நினைச்சுக்கிட்டாங்க. ஸ்டோர் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடும்போது சகலை பார்த்துட்டாரு. ‘என்ன சகலை, விரல் தந்தி அடிக்குது’ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சு வச்சேன். அடுத்த வாரம் அவரு சிரிக்கல. டாக்டர்கிட்ட போனீங்களான்னு கேட்டாரு. அதுக்கு அடுத்த வாரமும் கேட்டாரு. அப்புறம் ஒருநாள் ஸ்டோர் கதவைச் சாத்திட்டு உக்கார வச்சுச் சொன்னாரு.

‘நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க சகலை. மாசக் கடைசிக்குள்ள சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன். தோட்டா போட்ட துப்பாக்கியை நீங்க கையில வாங்கறீங்க. ஒருநாள் இல்ல ஒருநாள் யாருக்காவது ஏதாவது ஆயிடும்.’

அக்கறையில சொன்னாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுப் பார்த்தேன். ஆனா எனக்குப் பயமா இருந்துச்சுங்க, அதான் உண்மை. அந்த ஹாலை விட்டு வெளிய வந்தா நான் யாரு. வீட்டுல உக்காந்து டம்ளரை ரெண்டு கையால பிடிச்சுக் குடிக்கற கிழவன். கல்யாணம் காட்சின்னு போனா கொழுந்தியா வந்து, ‘மாமா, ஊட்டி விடவா’ன்னு கேப்பா. அவ விளையாட்டுக்குத்தான் கேப்பா. என்னால அதைக் கேக்க முடியாது.

அதனால நடந்தது என்னன்னா, மாசக் கடைசிக்கு நாலு நாள் இருந்துச்சு. நான் முன்னாடி எழுதிக் குடுத்த வாக்குமூலம் உங்ககிட்ட இருக்கு. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, ஹால்ல அவசரமும் நானும் மட்டும். நடுச் சட்டத்துல பேப்பர் சாஞ்சிருந்துச்சு. அதை நேராக்கறதுக்கு அவரு சொல்லாமக் கொள்ளாம நடைபாதை வழியாப் போய்ப் பின்னால நின்னுட்டாரு. சிவப்பு பல்பு ஃபியூஸ் போயிருந்ததால எரியல. நான் கடைசி நிமிஷத்துல பார்த்து நில்லுன்னு கத்தினேன், அவ கேக்காம சுட்டுட்டா. இப்படித்தான் எழுதியிருப்பேன்.

அதுல கொஞ்சம் திருத்தம் இருக்கு.

பல்பு ஃபியூஸ் போகல. நான்தான் காலையில ஒரு சுத்து தளர்த்தி வச்சேன். ராத்திரிக்குள்ள மறுபடி இறுக்கியிருக்கலாம், இறுக்கல, யாரும் அதைத் தொட்டும் பார்க்கல. பேப்பர் தானா சாயல. சட்டத்துக்குப் பின்பக்கம் இருக்கற கிளிப்பை நான்தான் கழட்டினேன். கோணலா ஒண்ணு தொங்கினா அவரால உக்கார முடியாதுன்னு பதினாலு வருஷமா தெரிஞ்சவன் நான். அப்புறம், அவரு சொல்லாமக் கொள்ளாமப் போற ஆளும் இல்ல. ஸ்டோர் ரூம் கண்ணாடி வழியா என்னைப் பார்ப்பாரு, நான் கை தூக்கினா சுடறது நிறுத்தியாச்சு, வரலாம்னு அர்த்தம். அன்னைக்கும் பார்த்தாரு. நான் கையைத் தூக்கினேன். வலது கை. ஆடுச்சு. அவரு என் முகத்தைப் பார்க்காம அந்த விரலையே பார்த்தாரு. பாவம்னு பார்த்தாரு. அந்தப் பார்வை மட்டும் இல்லேன்னா நான் மனசு மாறியிருப்பேன்னு நினைக்கறேன். உறுதியாச் சொல்ல முடியல.

அவசரத்துக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்குக் கண்ணாடி முதுகுப் பக்கம். துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடிச்சுக்கிட்டு, முன்குறியை நினைச்சுக்கிட்டு, நான் சொல்லிக்குடுத்த மாதிரியே நின்னுக்கிட்டிருந்தா. அட்டைக்குக் கீழ ரெண்டு ஷூ வந்து நின்னுச்சு. எனக்குத் தெரிஞ்சுது. பேப்பர் மெதுவா நேராச்சு. டைமரை இடது கையில வச்சிருந்தேன். கட்டை விரல் பட்டன் மேல இருந்துச்சு. இடது கையும் அப்பல்லாம் லேசா ஆடும், அன்னைக்கு ஆடவே இல்ல. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

நில்லுன்னு நான் கத்தல. பீப் மட்டும்தான்.

அவரு கீழ உக்கார்ற மாதிரிதான் விழுந்தாரு. அவசரம் காது அடைப்பைக் கழட்டிட்டு, ‘மாஸ்டர், அடிச்சுட்டேனா’ன்னு கேட்டா. பேப்பரைப் பத்திக் கேட்டா. ஆமாம்மான்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவ ஷூவைப் பார்த்தா.

ஆஸ்பத்திரி, போலீஸ், வீடு எல்லாத்துக்கும் நான்தான் அலைஞ்சேன். கொழுந்தியா என் தோள்ல சாஞ்சு அழுதா. அக்கா வீட்டு மாமா மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு இன்னைக்கும் வர்றவங்க போறவங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கா. கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. முதல் மாசத்துக்கு அப்புறம் பழகிடுச்சு.

உங்களுக்கு முன்னாடி இருந்த அதிகாரி அவசரத்தை உக்கார வச்சு மூணு நாள் விசாரிச்சாரு. மூணு நாளும் அவ ஒரே பதில்தான் சொல்லியிருக்கா. ‘நான் சுடல சார். அதுவா வெடிச்சுது.’ கையில துப்பாக்கி, விரல் டிரிக்கர்ல, எதிர்ல ஒரு மனுஷன் செத்துக் கிடக்கறான், இவ அதுவா வெடிச்சுதுங்கறா. அவருக்குக் கோவம் வந்துச்சு. பொய் சொல்றா, தப்பிக்கப் பார்க்கறான்னு எழுதிட்டாரு. அது பொய் இல்லைங்க. எங்க தொழில்ல அதைவிட உண்மையா ஒரு வார்த்தை யாரும் சொல்ல முடியாது. பரீட்சையில அந்தக் கேள்வி இருந்தா நூத்துக்கு நூறு போட்டிருப்பேன். என்னையும் கூப்பிட்டுக் கேட்டாங்க, இந்தப் பொண்ணு சொல்றது புரியுதா மாஸ்டர்னு. புரியலேன்னு சொல்லிட்டேன்.

போன மாசம் உள்ள போய் அவளைப் பார்த்துட்டு வந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னா. இளைச்சுப் போயிட்டா. பொண்ணு ஏதோ விடுதியில இருக்காம், ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை கூட்டிக்கிட்டு வர்றாங்களாம், வந்தா வாயே திறக்கறது இல்லையாம். பீப் போட்டு விளையாடினதாலதான் அம்மாவைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னு அந்தக் குழந்தை நினைச்சுக்கிட்டிருக்கு. அவசரம் இதைச் சொல்லும்போது வெளிய ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுத்துச்சு. பீப் பீப்னு சத்தம். நான் அவ கையைப் பார்த்தேன். கம்பியைப் பிடிச்சிருந்த கையில ஆள்காட்டி விரல் மட்டும் தனியா, நேரா, மெதுவா மடங்குச்சு. மணிக்கட்டு அசையல. மத்த விரல் ஒண்ணும் அசையல. எட்டு மாசம் துப்பாக்கியே தொடாதவ. ‘மாஸ்டர், என் மேல கோவமா’ன்னு கேட்டா. இல்லம்மான்னேன். ‘என் மேல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்துச்சு, நான் கெடுத்துட்டேனே’ன்னு அழுதா.

நான் கொலைகாரன்னு எழுதிக்கோங்க, நான் மறுக்கல. ஆனா ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அமுக்கற பட்டனைத்தான் அன்னைக்கும் அமுக்கினேன். இதை எனக்கு நானே சொல்லிச் சொல்லியே எட்டு மாசம் ஓடிடுச்சு. களைச்சுப் போச்சுங்க. அந்தப் பொண்ணை விட்டுடுங்க. திங்கக்கிழமை தீர்ப்புன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு முன்னாடி சொல்லிடணும்னுதான் வந்தேன். அந்தக் குழந்தை முகத்துக்காகத்தான் வந்தேன்.

என்ன கேட்டீங்க. எட்டு மாசமா அவ உள்ள இருக்கும்போது வராதவன் இப்ப ஏன் வந்தேன்னா.

நியாயமான கேள்விதான். நீங்க ஒருத்தர்தான் இதைக் கேக்கறீங்க.

போன வாரம் கம்பெனி விசாரணை அறிக்கை வந்துச்சு, எனக்கும் ஒரு காப்பி குடுத்தாங்க. பதினோரு பக்கம். ஒன்பதாம் பக்கத்துல ஒரு வரி. ‘துப்பாக்கி விசைக் கட்டுப்பாட்டில் போதிய பயிற்சி அளிக்கப்படாமையே இவ்விபத்துக்குக் காரணம்.’ படிச்சுட்டு மடிச்சு வச்சுட்டேன். மறுபடி எடுத்துப் படிச்சேன். அன்னையிலேர்ந்து சோறு இறங்கல. அவளுக்குப் பயிற்சி பத்தலையாம். இருபத்திரெண்டு வருஷத்துல என் கையில உருவான ஒரே நல்ல விரல் அது. பயிற்சி பத்தாதவளா இருந்திருந்தா கை வெட்டியிருக்கும், குழல் தாழ்ந்திருக்கும், தோட்டா தரையில போயிருக்கும், சகலை இன்னைக்கு உயிரோட காலண்டரை நேராக்கிக்கிட்டு இருப்பாரு. அந்தப் பேப்பர் உங்ககிட்டதான் இருக்கு, எடுத்துப் பாருங்க. ஓட்டை நட்ட நடுவுல இருக்கும். மயிரிழை கூட விலகியிருக்காது.

நிறைய சொல்லிட்டேன். தண்டனை என்னவோ குடுங்க. அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சுடச் சொல்லுங்க.

இந்தாங்க டைமர். அன்னைக்கு அணைச்சு பீரோவுல வச்சதுதான், அப்புறம் யாரும் தொடல. அணைச்சாலும் கடைசியா பதிஞ்சதை மறக்காத மிஷின். மேல இருக்கற பட்டனைத் தொட்டுடாதீங்க, பக்கவாட்டுல இருக்கறதை அமுக்குங்க. தெரியுதா. பாயிண்ட் ஒன்பது மூணு. என் கை நல்லா இருந்த காலத்துல நானே பாயிண்ட் ஒன்பது ஆறுக்குக் கீழ போனதில்ல.

டைப் பண்றவர்கிட்ட சொல்லிடுங்க. சுமாரா ஒரு செகண்டுன்னு எழுதிடப் போறாரு.